கோட்டுப் பைக்குள் போகும் கை

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நீ மிச்சம் வைத்த இறைச்சிக் கறியை அம்மா மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். அதை இன்னும் என்னைத் தொட விடவில்லை. குகன் மாமா லவாலில் இருந்து போன் எடுத்து, "அத்தான், மருமோன் இன்னும் கோவமோ?" என்று கேட்டான். நான் உனக்கு எடுத்தேன். "வேலையா நிக்கிறன் அப்பா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாய். அந்தப் பேந்து எப்போது வரும்? ஆவணிக் கடைசியில் நீயும் மருமகள் நிலானியும் லாசாலில் இருக்கிற வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எல்லை தாண்டி ஹூஸ்டனுக்குப் போகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். அதுவும் நல்லதுதான். மெதுவாக வாசிக்கிறவன் குறுக்கே விழுந்து பேச முடியாது, கோப்பையைத் தள்ளவும் முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமனார் கல்யாணப் பரிசாக உனக்கு ஒரு பிஸ்டல் வாங்கி வைத்திருக்கிறார். அங்கே போனதும் லைசென்ஸ் எடுத்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கும் கடைக்கும் போகப் போவதாக நீ சொல்கிறாய். அது வேண்டாம் என்கிறேன். பரிசைத் திருப்பிக் கொடுத்து அந்த மனிசனை அவமானப்படுத்து என்று நான் சொல்லவில்லை. வாங்கு, வீட்டில் பூட்டி வை, சுட ஆசை வந்தால் சுடுகிற கிளப்புக்குக் கொண்டுபோய்ச் சுடு. தெருவுக்குக் கொண்டு போகாதே. கேட்பது இவ்வளவுதான். ஏன் என்று நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், என்னால் அந்த மேசையில் வைத்துச் சொல்ல முடியவில்லை.

உன் மாமனாரை நான் குறையாகச் சொல்வதாக நினைக்காதே. நல்ல மனிசன். கல்யாணம் பேச நாங்கள் ஹூஸ்டனுக்குப் போனபோது விமான நிலையத்துக்கு அவரே வந்து, அம்மாவின் பெட்டியை என்னைத் தூக்க விடாமல் தானே தூக்கிக் கார் டிக்கிக்குள் வைத்தார். அப்போது அவருடைய சேர்ட் மேலே எழும்பியது. இடுப்பில் கறுப்பாக அது தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "அண்ணை, பயப்பிடாதேங்கோ. இஞ்ச இது செருப்பு மாதிரி. வெளிய போகேக்க போடுறது, வீட்டுக்க வந்தா கழட்டுறது" என்று சிரித்தார். அவருடைய பெற்றோல் கடையில் ஒருவன் புகுந்து அடித்த அடியின் தழும்பு புருவத்துக்கு மேலே இன்னும் இருக்கிறது. அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்கள் மாப்பிள்ளைக்குச் சங்கிலி போடுவார்கள், மோதிரம் போடுவார்கள், வசதியான வீடென்றால் காரும் கொடுப்பார்கள். பிஸ்டல் போட்ட முதல் மாமனார் இவராகத்தான் இருக்கும். மகளின் புருஷன் உயிரோடு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற அன்பில் செய்கிறார். எனக்கும் அதே ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதத்தைத் தொடக்கியது குகன் மாமா. உன் அம்மாவின் தம்பி என்பதால் அவனுக்கு இந்த வீட்டில் வாய் கொஞ்சம் நீளம். அவனிடமும் ஒரு பிஸ்டல் இருக்கிறது, நிலவறையில், இரும்புப் பெட்டிக்குள், விசையில் ஒரு பூட்டு, பெட்டியில் ஒரு பூட்டு, குண்டுகள் வேறொரு பெட்டியில். இங்கத்தைய சட்டப்படி, கிளப்புக்குக் கொண்டு போவதென்றாலும் அனுமதிப் பத்திரத்தோடு நேரே போய் நேரே வர வேண்டும். "துவக்கு எண்டா வீட்டில இருக்க வேணும், இல்லாட்டிக் கிளப்பில இருக்க வேணும். றோட்டில அதுக்கு ஒரு வேலையும் இல்லை" என்று அவன் சொல்ல, நீ சிரித்தாய். "மாமா, உங்கட பிஸ்டலை வெளிய எடுக்கிறதுக்குள்ள கள்ளன் தேத்தண்ணி போட்டுக் குடிச்சு முடிச்சிடுவான்." எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். குகன் விடவில்லை. "அதுதான்டா நல்லது. எல்லாப் பூட்டையும் திறக்கிறதுக்குள்ள மனிசனுக்குக் கோவம் போயிடும்." அப்போதுதான் உன் முகம் மாறியது. "கோவம் எண்டாப் போகும் மாமா. பயம் போகாது. கடையில எனக்கு முன்னால அவன் நீட்டேக்க, லவால்ல பூட்டி வைச்ச துவக்கு எனக்கு என்ன செய்யும்?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீங்கள் ஏன் அப்பா ஒண்டும் கதைக்கிறேல்லை? இந்த மேசையில துவக்கோட வாழ்ந்த ஆள் நீங்கள்தானே." நான், "வெளியில கொண்டு போகாதை" என்று மட்டும் சொன்னேன். "ஏன் எண்டு சொல்லுங்கோ" என்றாய். நான் அம்மாவைப் பார்த்தேன், சோற்றைப் பார்த்தேன். நீ எழும்பிப் போனாய்.

நீ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு செயின்ட்-மிஷேலில் அந்தத் தெப்பனரில், அதுதான் அந்த மூலைக்கடையில், வேலை செய்த காலத்தை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வெளியே ஆட்கள் போய்வந்துகொண்டிருக்க, முகத்தை மூடின ஒருவன் வந்து உன் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டிக் காசையும் சிகரெட்டையும் அள்ளிக்கொண்டு போனான். கடைக்காரர் போன் எடுக்க, நானும் அம்மாவும் ஓடி வந்தோம். நீ பால் வைக்கிற ஃபிரிட்ஜோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாய். "ஒண்டும் இல்லை அப்பா" என்றாய். அன்றிலிருந்து எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் சுவரோடு ஒட்டி, வாசல் தெரிகிற கதிரையில்தான் உட்காருகிறாய். உன் கல்யாண மண்டபத்திலேயே மணவறையில் இருந்துகொண்டு வாசலைப் பார்த்தாய். நான் கவனிக்காத மாதிரி இருப்பேன், ஆனால் கவனிப்பேன். அந்தப் பயல் என் கையில் அகப்பட்டிருந்தால் அன்று கழுத்தை நெரித்திருப்பேன். குகனிடம் எனக்கும் ஒன்று எடுத்துத் தரச் சொல்லலாமா என்றுகூட ஒரு கிழமை யோசித்தேன். அதனால் உன் பயத்தை நான் சின்னதாக எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் நினையாதே.

துவக்கோடு வாழ்ந்த ஆள் என்றாயே, அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சங்கக் கடையில் வரிசையில் நின்ற காலம். நீ அப்போது கைக்குழந்தை, நான் உன் பால்மாவுக்காக நிற்கிறேன். எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன், இயக்கத்துக்குப் போனவன், தோளில் துவக்கோடு வந்தான். முன்பெல்லாம் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பவன். அவன் யாரையும் விலகச் சொல்லவில்லை. நாங்களாகவே விலகினோம். அவன் முன்னுக்குப் போய்ச் சாமானை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "எப்பிடி அண்ணை, மகன் சுகமோ?" என்று அன்பாகத்தான் கேட்டான். "சுகம்" என்றேன். சொல்லும்போது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, துவக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் அதைக் கண்டான். அவனுக்கு அது பிடித்ததா, கவலையாக இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பால்மா எனக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. உன்னுடையது சட்டைக்குள் மறைந்திருக்கும், ஒருவருக்கும் தெரியாது என்று நீ சொல்வாய். உன் மாமனாருடையதும் மறைந்துதான் இருந்தது. ஒரு பெட்டி தூக்குகிற நேரத்துக்குள் நான் கண்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த நாள் முழுதும் அவர் எழும்பும்போதெல்லாம் என் கண் அவருடைய இடுப்புக்குத்தான் போனது.

இனி நான் மேசையில் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். நீயும் நானும் அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த அந்தக் கார்த்திகை மாதத்துப் பின்னேரம்.

அதற்கு முதல் ஒரு பழக்கத்தை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். நீ சின்ன வயதில் வந்துவிட்டதால் அது உன் உடம்பில் இல்லை. ஊரில் ஆமிச் சென்றி, அதுதான் சோதனைச் சாவடி, வருகிறதென்றால் பஸ் தூரத்திலேயே நின்றுவிடும். சென்றிக்காரன் உன்னிடம் வர மாட்டான், நீதான் இறங்கி அவனிடம் நடக்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டை கையில் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவனுக்கு முன்னால் போய் நின்று பையைத் தடவுகிறவனுக்குத்தான் அடி. அவன் கத்தினால், நீ பிந்திவிட்டாய் என்று அர்த்தம், இன்னும் கெதியாக எடு என்று அர்த்தம். வருடக்கணக்கில் இப்படி நடந்து பழகிய உடம்பு என்னுடையது. சீருடையைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலேயே பைக்குள் போகும்.

நீ அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய புதிது. தெப்பனரில் அந்தத் திருட்டு நடக்க முந்தி. நான் துறைமுகத்துப் பக்கத்து ஸ்ரோரில் வேலை முடித்து, உன்னையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் பனி மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. பின்னால் பொலிஸ் வெளிச்சம் சுழன்றது. ஓரம் கட்டினேன். நீ, "லைட் ஒண்டு எரியேல்லைப் போல அப்பா, பயப்பிடாதேங்கோ" என்றாய். நீ சொல்லி முடிக்குமுன் நான் இறங்கிவிட்டேன். அவர்கள் வருமுன் நான் போக வேண்டும் அல்லவா? கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, வலது கையைக் கோட்டுக்குள் விட்டபடி அவர்களை நோக்கி விறுவிறென்று நடந்தேன். உள்ளே ஸ்வெற்றர், அதற்குள்ளே சேர்ட், சேர்ட் பையில் பேர்ஸ். பேர்ஸ் மாட்டிக்கொண்டது.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் கார்க் கதவுக்குப் பின்னால் நின்று பிரெஞ்சில் கத்தினான். எனக்கு அந்த நேரம் பிரெஞ்சு முழுதும் மறந்துபோனது. கத்துகிறான் என்றால் நான் பிந்திவிட்டேன் என்றுதான் உடம்புக்குப் பட்டது. இன்னும் வேகமாக நடந்துகொண்டே இன்னும் பலமாக இழுத்தேன். அவன் துவக்கை எடுத்துவிட்டான். துவக்கைக் கண்டதும், ஐயோ, இன்னும் பிந்திவிட்டேனே என்று இரண்டு கையையும் கோட்டுக்குள் விட்டேன். நினைத்துப் பார், அவன் எதைச் செய்யாதே என்று கத்தினானோ அதையே நான் அவனுக்குப் பணிவாகச் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் உன் குரல் கேட்டது. "அப்பா, நில்லுங்கோ! அசையாதேங்கோ! இது சென்றி இல்லை அப்பா, கையை மேல தூக்குங்கோ!" தமிழில் கத்தினாய். உடனே பிரெஞ்சிலும் ஏதோ கத்தினாய், "மோன் பேர், மோன் பேர்" என்று, என் அப்பா, என் அப்பா என்று. நான் நின்றேன். கை மேலே வந்தபோது விரல்களுக்கு இடையில் என் மருத்துவ அட்டை இருந்தது. வேகத்தில் கிடைத்தது அதுதான். சுடப் போகிறவனிடம் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டிக்கொண்டு பனிக்குள் நின்றேன்.

மற்றப் பொலிஸ்காரர், வயதானவர், மெதுவாக ஏதோ சொல்லி அந்த இளையவனின் கையில் தொட்டார். அவன் துவக்கைத் தாழ்த்தினான். உறைக்குள் வைக்கப் பார்த்தான், முதல் தரம் உள்ளே போகவில்லை. காதுகள் சிவந்திருந்தன. லைட்டைத் திருத்தச் சொல்லி ஒரு துண்டைத் தந்துவிட்டு, பழக்கதோஷத்தில் "நல்ல நாளாகட்டும்" என்று வாழ்த்தினான். நீ காருக்குள் வந்து அழுதாய். கோபத்தில் அழுதாய். "அவன் உங்களைச் சுட்டிருப்பான் அப்பா." நான், "என்ர பிழை, இறங்கியிருக்கக் கூடாது" என்றேன். வீட்டு வாசலில் வைத்து, "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று நீ சொன்னாய். சரி என்றேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என் வாய் அடைத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலை அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேளாமல் சொன்னதற்குக் கோபிக்காதே. அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "அப்பனும் மோனும் நல்லா மறைச்சியள்" என்றாள். பிறகு, "அந்தப் பொலிஸ் பெடியனுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து, "இப்ப எங்கட தம்பிக்கு இருக்கிற வயசுதான்" என்றேன். அவள் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

அவளுடைய அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. இத்தனை வருடமாக நீ அந்தப் பின்னேரத்தை என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய், மகன் என்ற முறையில். தெப்பனரிலும் துவக்குக்கு முன்னால் நின்றவன் நீதான். துவக்குக்கு முன்னால் நிற்பது எப்படி என்று உனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் நிற்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளிக்கிடுகிற நாளிலிருந்து நீ அந்தப் பொலிஸ் பெடியன் நின்ற இடத்தில் நிற்பாய். அவன் கெட்டவன் இல்லை. என்னைவிட அவன்தான் அன்று கூடுதலாகப் பயந்தான். அவனுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்பார்கள், நெஞ்சுக்குக் கவசம் கொடுத்திருந்தார்கள், கையைத் தொட்டு நிறுத்த ஒரு மூத்த ஆளையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். என் மகனும் காருக்குள் இருந்தான், இரண்டு பாஷையில் கத்துவதற்கு. இவ்வளவும் சேர்ந்துதான் நான் வீடு வந்து சேர்ந்தேன். உனக்கு அங்கே ஒரு சின்ன வகுப்பும் ஒரு லைசென்ஸும் கிடைக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற என் பிள்ளை நீ. கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர், ஆங்கிலம் அவ்வளவு தெரியாத வயதான மனிசன், வழி எழுதின துண்டை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டபடி உன்னை நோக்கி விறுவிறென்று வருவார். நீ கத்துவாய். நீ கத்தக் கத்த அவர் அவசரப்படுவார். அவருடைய மகன் பக்கத்தில் இல்லாவிட்டால்?

உன் மாமனார் இத்தனை வருடம் கொண்டு திரிந்தும் ஒருவரையும் சுடவில்லையே என்று நீ கேட்பாய். உண்மைதான். ஒருவேளை நீயும் சாகும்வரை அதை வெளியே எடுக்காமலேயே இருப்பாய். குகன் மாமா சொல்கிற மாதிரி எல்லாம் பூட்டில்தான் இருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன், அவனுடைய பெட்டியைத் திறக்கிற அவசரம் வந்தால் அவனும் திறப்பைத் தேடித் திட்டுவான். உனக்கு ஒன்றும் நடக்காது என்று எழுதித் தர என்னால் முடியாது. வழிமறிக்கிறவன் அந்த ஊரிலும் இருப்பான், நீ வெறுங்கையோடு நிற்கிற நேரம் பார்த்தும் வரலாம். அந்தப் பயத்தை நான் இங்கே இருந்து உன் அம்மாவோடு சேர்ந்து சுமக்கத் தயார். ஆனால் உன்னால் ஒரு அப்பாவி மனிசன் றோட்டில் கிடந்தான் என்ற செய்தியை என்னால் சுமக்க ஏலாது. அதற்குப் பிறகு நீ உயிரோடு இருந்தாலும் எனக்குத் தெரிந்த பிள்ளையாக இருக்க மாட்டாய்.

தை மாதம் நிலானிக்குப் பிள்ளை பிறக்கும்போது நாங்கள் இருவரும் வருகிறோம். அம்மா இப்போதே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள் வறுக்கிற கதை கதைக்கிறாள். இங்கிருந்து குளிர் கோட்டோடுதான் வந்து இறங்குவேன், அந்த வெக்கை ஊரில் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்கு இப்போது காதும் மந்தம், ஒரு தரம் சொன்னால் கேட்பதில்லை. போன மாதம் வங்கியில் காவலுக்கு நின்ற மனிசனைக் கண்டதும் என் கை தானாகப் பைக்குள் போனது. அவர் "போன்ஜூர்" என்று கதவைத் திறந்துவிட்டார், நான் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி இந்தக் கை மாறாது.

விமான நிலைய வாசலில் நீ எங்களைக் கூட்டிப்போக வந்து நிற்பாய். தூரத்தில் நிற்பது நீதானா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உன்னை நோக்கி விறுவிறென்று நடந்துகொண்டே என் கை கோட்டுக்குள் போகும், கண்ணாடியை எடுக்க. அந்த நேரம் உன் கை எங்கே போகிறது என்று நான் பார்க்கிற நிலைமையை எனக்கு வைத்துவிடாதே. அதை வீட்டில் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்து என் பெட்டியைத் தூக்கு.

அப்பா